உள்ளத்தில் எழும் கோயில்

(பூசலார் நாயனார் குருபூசை நாளில் ஆற்றிய சொற்பொழிவு)



ஐப்பசித் திங்கள் அனுட நாளாகிய இன்று பூசலார் நாயனாரின் குருபூசை. நாயன்மார்கள் 63 பேருள் இவருடைய தொண்டு தனித்தன்மை வாய்ந்தது. கண்ணப்பர் தம் கண்ணையே இறைவனுக்கு அளித்தார். இளையான்குடி மாறனார் விதைத்த நெல்லை மழை இரவில் வாரிவந்து அடியவருக்கு அமுது படைத்தார். பூசலார் செய்த தொண்டை ஊரார் எவரும் கண்ணால் கண்டதில்லை. எண்ணுதலே அவர் செய்த தொண்டு. ஆகவே, நாள்தோறும் நாம் எண்ணும் எண்ணங்கள் நம் உடல்நலத்தையும் மகிழ்ச்சியையும் வெற்றியையும் எவ்வாறு உருவாக்குகின்றன என்று சிந்திக்க இந்நாள் மிகவும் பொருத்தமானது.

தொண்டை நாட்டுத் திருநின்றவூரில் தோன்றியவர் பூசலார். இறைவனுக்கு ஒரு கோயில் எழுப்ப வேண்டும் என்பது அவருடைய பெருவிருப்பம். பொருள் தேடி எங்கும் அலைந்தார், சிறிதளவும் கிடைக்கவில்லை. என் செய்வேன் என்று நைந்து வருந்தினார். 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் அருளிய சேக்கிழார் பெருமான், நாயனாரின் இந்த வருத்தத்தை மறைக்காமல் பாடியிருக்கிறார். அடியவருக்கும் ஏமாற்றம் வரும், மனம் வாடும். அதில் குற்றம் ஏதுமில்லை. வாட்டத்திற்குப் பின் உள்ளம் எத்திசையில் திரும்புகிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

பொருள் தராதவர்களைப் பழித்துக்கொண்டே பூசலார் தம் நாள்களைக் கழித்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. உள்ளத்திலேயே கோயில் எழுப்பத் துணிந்தார். மனத்தாலேயே பொருள் சேர்த்தார். கருவிகளும் தச்சரும் தேடினார். நல்ல நாள் பார்த்து அடித்தளம் அமைத்தார். இரவிலும் கண் துயிலாமல் உபானம் முதல் சிகரம் வரை முறையாக எழுப்பினார். சுதைவேலை முடித்தார், கிணறும் மதிலும் குளமும் அமைத்தார். இறைவனை எழுந்தருளச் செய்ய நாளும் குறித்தார். வெறுமனே ஆசைப்படுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஆசை ஒரே தாவலில் சிகரத்திற்குச் செல்ல விரும்பும். நல்லெண்ணமோ அடித்தளத்திலிருந்து நாள்தோறும் ஒவ்வொரு கல்லாக உயரும்.

அன்பர்களே, நம் மனமும் ஓயாமல் கட்டிக்கொண்டேதான் இருக்கிறது. எதைக் கட்டுகிறது என்பதே கேள்வி. உறவினர் ஒருவர் திருமண வீட்டில் ஒரு சொல் சொல்லிவிட்டார். சொன்னவர் அன்றே மறந்துவிட்டார். நாமோ அச்சொல்லை அடித்தளமாக வைத்து, "அன்று அப்படிச் செய்தார், இன்று இப்படிச் சொன்னார்" என்று இரவெல்லாம் கல்லடுக்குகிறோம். பூசலாரைப் போலவே நாமும் துயில்வதில்லை. ஆனால் நாம் எழுப்புவது கோயில் அன்று. நம்மை நாமே அடைத்துக்கொள்ளும் சிறை.

அதன் விளைவை உடல் தாங்குகிறது. சினமூட்டிய நிகழ்ச்சி முடிந்து பல நாள் ஆகியிருந்தாலும், அதை நினைக்கும்போது உடல் அது இப்போதே நடப்பதுபோல் எதிர்வினை காட்டுகிறது. அட்ரினலின், கார்டிசால் ஆகிய சுரப்புகள் மிகுகின்றன, இதயத் துடிப்பு விரைகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, தசைகள் இறுகுகின்றன, உறக்கம் விலகுகிறது. இது எப்போதாவது நேர்ந்தால் உடல் தானே சீராகிவிடும். நாள்தோறும் தொடர்ந்தால் இதயமும் செரிமானமும் தளர்வுறும் என்று மருத்துவ அறிவியல் கூறுகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நோயுற்றவரைப் பார்த்து, "உன் எண்ணம் சரியில்லை, அதனால்தான் இந்த நோய்" என்று சிலர் கூறிவிடுகின்றனர். அது உண்மையும் அன்று, அன்பும் அன்று. தூய உள்ளம் படைத்தோரையும் நோய் தாக்கும். அதற்குப் பரம்பரை, கிருமி, உணவு, முதுமை எனப் பல காரணங்கள் உண்டு. திருநின்றவூரில் இன்று இருதயாலீசுவரர் என்னும் திருப்பெயருடன் இறைவன் எழுந்தருளியிருக்கிறார். இதய நோயுடையோர் அங்கு வந்து வேண்டிக்கொள்கின்றனர். வேண்டுதல் அச்சத்தைத் தணித்து மனத்திற்கு உறுதி தரும். மருந்தை நிறுத்தச் சொல்லாது. மருத்துவர் தந்த மாத்திரையைத் தவறாமல் உண்பதும் இறைவன் தந்த உடலுக்குச் செய்யும் வழிபாடே.

இனி, வெற்றியைப் பற்றிச் சிந்திப்போம். பூசலார் நாள் குறித்த அதே நாளில், காஞ்சியில் தாம் எழுப்பிய கற்றளிக்குக் காடவர் மன்னரும் நாள் குறித்திருந்தார். 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கயிலாசநாதர் கோயிலை எழுப்பிய இராசசிம்ம பல்லவரே அம்மன்னர் என்பது ஆய்வாளர் கருத்து. முதல்நாள் இரவு இறைவன் அவர் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் அமைத்த ஆலயத்தில் நாளை நாம் புகுவோம். நீ பின்னொரு நாளில் செய்வாயாக என்று பணித்தார்.

பெரும்பொருள் செலவிட்டவர், நாடாளும் மன்னர். தம் விழா தள்ளிப்போவதை அவர் அவமதிப்பாகக் கருதியிருக்கலாம். அவரோ அத்தகைய அடியவரைக் காண வேண்டும் என்று திருநின்றவூருக்கே சென்றார். அங்கே கோயில் எதுவும் இல்லை. பூசலாரைத் தம்மிடம் அழைக்காமல் தாமே அவரிடம் சென்று வினவினார். மருண்டு நின்ற பூசலார் நடந்ததைக் கூற, மன்னர் நிலமுற விழுந்து வணங்கினார். கோயிலை முடித்ததைவிட, பிறர் பெருமை கண்டு மகிழ்ந்த இவ்வுள்ளமே அவருடைய பெரிய வெற்றி. அலுவலகத்தில் உடன் பணிபுரிபவருக்குப் பதவி உயர்வு வரும்போதும், அடுத்த வீட்டுப் பிள்ளை கூடுதல் மதிப்பெண் பெறும்போதும் நாம் இம்மன்னரை நினைக்க வேண்டும்.

இதை வாழ்வில் கடைப்பிடிக்க இரண்டு எளிய வழிகள் உண்டு. கொடிமரத்தருகே உள்ள பலிபீடம் தீய எண்ணங்களை நீக்கும் இடம் என்பர் பெரியோர். இன்று நீங்கள் அங்கே வணங்கும்போது, நெடுநாளாகச் சுமந்துவரும் மனக்கசப்பு ஒன்றையேனும் பெயர் சொல்லி விட்டுவிட்டு உள்ளே செல்லுங்கள். மற்றொன்று, இரவு படுத்தவுடன் உங்கள் ஊர்க் கோயிலை மனத்தால் வலம் வாருங்கள். கோபுரம், கொடிமரம், நந்தி, திருச்சுற்று, கருவறைத் தீபம் என ஒவ்வொன்றாக நினைந்து, அவசரமின்றி நடந்து செல்லுங்கள். இடையில் மனம் பழைய சண்டைக்கு ஓடினால் கடிந்துகொள்ள வேண்டாம். விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

படியேற இயலாத முதியோரும், படுக்கையில் கிடக்கும் நோயாளரும் உங்கள் இல்லங்களில் இருப்பர். கோயிலுக்குச் செல்ல முடியவில்லையே என்று அவர்கள் கண் கலங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இன்று வீடு திரும்பியதும் திருநீற்றுடன் பூசலாரின் வரலாற்றையும் அவர்களுக்குக் கொடுங்கள். அருகில் அமர்ந்து, கை பற்றி, இருவருமாக உள்ளத்தில் ஒரு முறை வலம் வாருங்கள். மன்னர் கட்டிய கோயில் காத்திருக்க, ஏழையின் உள்ளத்திற்கு முதலில் வந்த இறைவன் அங்கேயும் வருவான்.

எல்லாம் வல்ல பெருமான் திருவருள் அனைவருக்கும் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.