உரிமம் ஒருவர் பெயரில், கம்பி இன்னொருவர் கையில்

(வடசென்னையில் இளைஞர்களுக்கான வாசிப்பு வட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலக்குழியில் ஒருவர் செத்தால் அதை விபத்து என்று நாம் சொல்வதில்லை. சாதி செய்த கொலை என்கிறோம். இந்தப் புரிதல் சும்மா வந்துவிடவில்லை. துப்புரவுத் தொழிலாளர்கள் பல ஆண்டுகள் தெருவில் நின்றார்கள். 2013இல் சட்டம் வந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு சாவுக்கும் 10 லட்சம் இழப்பீடு என்றது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. சாவு இன்னும் நிற்கவில்லை. ஆனால் யாருடைய சட்டையைப் பிடிக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும்.

மின்கம்பத்தில் ஒருவர் செத்தால்? மறுநாள் பேப்பரில் நாலு வரி வரும், 'மின்சாரம் தாக்கி எலக்ட்ரீஷியன் பலி' என்று. அதோடு முடிந்தது. இந்தியாவில் ஓராண்டில் மின்சாரம் தாக்கிச் சாகிறவர்கள் 12 ஆயிரத்துக்கும் மேல். அந்த நாலு வரிக்குப் பின்னால் ஒரு காகிதம் இருக்கிறது. அதன் பெயர் லைசென்ஸ். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சட்டம் சொல்வது எளிமையானது. அரசு உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர்தான் வயரிங் வேலையை எடுக்கலாம். தகுதிச் சான்று உள்ள ஒருவர் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்க வேண்டும். 1956 இந்திய மின்சார விதிகளின் 45ஆம் விதியில் இருந்தது இது. பிறகு மத்திய மின்சார ஆணையத்தின் 2010 ஒழுங்குமுறைகளிலும் வந்தது. நல்ல விதி. தொழிலாளியின் உயிரைக் காப்பதற்காக எழுதப்பட்ட விதி.

அது இங்கே என்னவாகிறது என்று பாருங்கள். என் ஆய்வுக்காக ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் என்று அலைந்தபோது திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியம், "லைசென்ஸ் வேற ஒருத்தர்துங்க." ஐஸ் ஃபேக்டரியில் மோட்டாருக்கு இணைப்புக் கொடுப்பவர் ஒருவர். வேலை முடிந்த அறிக்கையில் கையெழுத்துப் போடுபவர் வேறொருவர், வேலை நடந்த இடத்துக்கே வராதவர். கையெழுத்துக்கு ஒரு தொகை. வீட்டுக்கு வாடகை வாங்குவது போலக் காகிதத்துக்கு வாடகை.

'ஏன் அவரே உரிமம் எடுக்கக் கூடாது?' என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

முதல் படி மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. 21 வயது ஆகியிருக்க வேண்டும், 5 ஆண்டு வயரிங் அனுபவம் வேண்டும். உச்ச வயது வரம்பு கிடையாது, அந்த வரைக்கும் நியாயம். ஆனால் அந்த அனுபவத்தை எழுதிக் கொடுப்பது யார்? எந்தச் சம்பளப் பதிவேட்டிலும் பெயர் இல்லாமல், மேஸ்திரி கையில் கூலி வாங்கி 15 ஆண்டு கம்பி இழுத்தவருக்கு அனுபவம் உடம்பில் இருக்கிறது, காகிதத்தில் இல்லை.

அதைத் தாண்டி ஒப்பந்தக்காரர் உரிமத்துக்கு வந்தால் சான்று பெற்ற ஆட்களைக் காட்ட வேண்டும், மெக்கர், எர்த் டெஸ்டர், டாங் டெஸ்டர் எல்லாம் சொந்தமாக வைத்திருக்க வேண்டும். கருவிகள் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். உப்புக்காற்று அடிக்கிற ஊர் இது. எர்த் பைப் துருப்பிடித்துப் போயிருப்பது அளந்து பார்த்தால்தான் தெரியும். அளக்காமல் விட்ட எர்த்தால்தான் கிரைண்டரைத் தொட்ட பெண் சாகிறாள். கருவி வேண்டும். அதை வாங்கும் வசதி யாருக்கு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

சாதி நேராக வந்து உட்காருகிற இடம் இதற்கு அடுத்தது. அரசு வேலை எடுக்க வேண்டுமென்றால் ஒப்பந்தக்காரராகப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு சால்வன்சி சான்று. உன்னிடம் இவ்வளவு சொத்து இருக்கிறது என்று தாசில்தாரோ வங்கியோ எழுதித் தர வேண்டும். நம் ஆட்கள் குடியிருப்பது எங்கே? புறம்போக்கில், வாரியக் குடியிருப்பில். மூன்று தலைமுறையாக இருந்தும் பட்டா இல்லை. பட்டா இல்லாதவனுக்கு சால்வன்சி ஏது? அது இல்லாதவனுக்கு டெண்டர் ஏது? எந்த விதியிலும் சாதி என்ற சொல் இல்லை. நிலம் யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை என்பதை மட்டும் அந்த விதி கேட்கிறது. அது போதும்.

கையில் முதல் இல்லாதவர் துணை ஒப்பந்தத்துக்குக் கீழே துணை ஒப்பந்தம் எடுக்கிறார். பெரிய கம்பெனி ஒரு விலைக்கு எடுத்து, அடுத்தவரிடம் குறைத்துக் கொடுத்து, அவர் இன்னும் குறைத்துக் கொடுத்து, கடைசியில் வருகிற ஆள் எதைக் குறைப்பார்? கம்பியின் தடிமனைக் குறைக்க முடியாது, கண்ணில் பட்டுவிடும். ரப்பர் கையுறையைக் குறைக்கலாம். சேஃப்டி பெல்ட்டைக் குறைக்கலாம். லைன் நிறுத்தியதை உறுதி செய்ய ஒருவரை நிறுத்தி வைக்கிற கூலியைக் குறைக்கலாம். பாரிமுனைக் கடையில் கடனுக்குச் சரக்கு எடுத்து, பில் பாஸாகும்வரை மாதக்கணக்கில் வட்டி கட்டுகிறவரை முதலாளி என்று அழைப்பது எனக்கு உவப்பாக இல்லை. அவரும் கூலிதான், கொஞ்சம் பெரிய கடனோடு. அவருக்குக் கீழே கம்பம் ஏறுகிற பையனுக்கு அவர் முதலாளிதான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இப்போது ஒருவர் செத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2003 மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி விபத்தைத் தெரிவிக்க வேண்டும், மின் ஆய்வாளர் விசாரிக்கலாம். விசாரணையில் முதலில் என்ன வரும்? இறந்தவருக்குத் தகுதிச் சான்று இல்லை. ஆகவே அவர் அனுமதியில்லாமல் வேலை செய்தவர், அஜாக்கிரதை. அவரைக் காக்க எழுதிய விதி அவர் பிணத்தின் மேல் குற்றப்பத்திரிகையாக விழுகிறது. காகிதத்தை வாடகைக்கு விட்டவர் பெயர் அதில் வருவது அபூர்வம்.

ஆனால் சட்டம் நம் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் வைத்த ஆள் இறந்தாலும் வேலையைக் கொடுத்த முதன்மை முதலாளியிடம் இழப்பீடு கேட்கலாம் என்று 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவே சொன்னது. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்தக் கொள்கை இருக்கிறது. வீட்டுக்காரம்மாவை மிரட்டி, ஈமச்சடங்குச் செலவுக்கு ஒரு கவரைக் கொடுத்து வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்க வருவார்கள். அப்போது பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும்.

நிலைமை இன்னும் மோசமாகிறது. 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேர் வைத்து வேலை வாங்குகிற ஒப்பந்தக்காரரைப் பிடித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பில் அது 50 ஆகிவிட்டது. பத்து இருபது பேரை வைத்து நடக்கிற மின்வேலை முழுக்க அந்தக் கணக்குக்கு வெளியே போய்விடும். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான், செப்டம்பர் 30 அன்று, எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 பேர் செத்தார்கள். அசாமிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நமக்கு மின்சாரம் தயாரிக்கப் போகிற இடத்திலேயே.

அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்தார். மின்சாரமும் அதே துறையின் கீழ்தான் இருந்தது. அவர் காலத்தில்தான், 1944இல், மத்திய தொழில்நுட்ப மின்சக்தி வாரியம் அமைக்கப்பட்டது. மின்சாரத்தையும் தொழிலாளியையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் அவர். பிறகு இரண்டும் வேறு வேறு அமைச்சகங்களுக்குப் போயின. மின்துறை இன்று மெகாவாட் பேசுகிறது, தொழிலாளர் துறை இழப்பீடு பேசுகிறது.

கர்நாடகத்தில் 2017 முதல் 50 லட்சம் வரையிலான அரசுக் கட்டுமான ஒப்பந்தங்களில் பட்டியல் சாதியினருக்கு 17.15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 6.95 விழுக்காடு ஒதுக்கீடு. 2023இல் அந்த வரம்பு 1 கோடியானது. இங்கே அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியம் தருகிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் மானியத்தில் மெக்கர் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேலை வேண்டும். ஒப்பந்தத்தில் இடஒதுக்கீடு என்ற கோரிக்கையை நாம் இன்னும் உரக்கச் சொல்லவில்லை. பட்டா இல்லாதவருக்கு சால்வன்சிக்கு மாற்று வேண்டும். உரிமம் வைத்திருப்பவர்கள் எந்தெந்தச் சமூகப் பிரிவினர் என்ற எண்ணிக்கையை உரிமம் வழங்கும் வாரியம் வெளியிட வேண்டும். எண்ணிக்கை வந்தால்தான் வாதமே தொடங்கும்.

இதெல்லாம் ஆகும்வரை ஒரு சின்ன வேலை இருக்கிறது. இங்கே இருக்கிற பாதிப் பேர் பட்டதாரிகள், ஆன்லைன் படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள். உதவியாளர் தேர்வுக்கான அறிவிப்பு வரும்போது உங்கள் தெருவில் கம்பி இழுக்கிற அண்ணன்களைக் கூட்டி வாருங்கள். விண்ணப்பத்தை நாம் நிரப்பலாம். அனுபவச் சான்று தர மறுக்கிற ஒப்பந்தக்காரரிடம் நாலு பேராகப் போய் நின்று கேட்கலாம். இப்போது கேள்விகளுக்கு வரலாம்.