பெங்களூர் ஊசியும் அப்பாவின் காலும்



வெளிநாட்டிலிருந்து அழைக்கும் எங்கள் மாணவிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: “அப்பாவுக்குக் காலில் இரத்தோட்டம் இல்லையாம், எடுக்கவேணுமாம். பெங்களூரில் ஸ்டெம் செல் ஊசி இருக்காமே, காசு அனுப்பட்டா?”

ஊசி இருப்பது உண்மை. தானம் பெற்ற என்புமச்சையிலிருந்து கலங்களை வளர்த்துக் கெண்டைக்கால் தசையில் ஏற்றுகிறார்கள். புகைப்பவர்களுக்கு இளவயதிலேயே வரும் பேர்கர் நோயுள்ள 90 பேரில் பரிசோதித்து, நோவு குறைந்தது, புண் ஆறியது என்றார்கள். 2016இல் இந்தியா அனுமதித்தது; 2020இல் கொழுப்படைப்புக்கும் அனுமதி விரிந்தது. ஆனால் அந்த 90 பேரில் யாருக்கு ஊசி போட்டது என்பது எல்லோருக்கும் தெரியும்.

நெதர்லாந்தில் அதை மறைத்துச் செய்தார்கள். 160 பேர், பாதிப்பேருக்குத் தங்கள் சொந்த மச்சைக் கலங்கள், மற்றவர்களுக்குப் போலி மருந்து, இரண்டும் நாடிவழியே. 2015இல் வந்த முடிவில் கால் இழந்தோர் தொகையில் வித்தியாசமில்லை. போலி மருந்து பெற்றவர்களுக்கும் நோவு குறைந்திருந்தது! முறை வேறுதான். என்றாலும் வீட்டை ஈடுவைத்து அனுப்பும் காசென்றால் நான் மறிப்பேன்.

நிச்சயமான வழி பழையதுதான்: அடைப்பைத் திறப்பது. 1830 பேரில் செய்த ஆய்வு 2022இல் வந்தது. காலில் நல்ல நாளம் இருந்தவர்களுக்கு பலூனை விட பைபாஸ் சத்திரசிகிச்சையே மேலாக இருந்தது.

காசுக்கு முன் அப்பாவிடம் கேளுங்கள்: இரவில் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால்தான் நித்திரை வருகிறதா? விரற்புண் இரண்டு கிழமையாகியும் ஆறவில்லையா? ஓமென்றால், இந்தக் கிழமையே குருதிக்குழாய்ச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்டச் சொல்லுங்கள்.