எண்ணா? முகமா?



போரில் மாளும் மறவனைச் செய்தித்தாள்கள் எவ்வாறு காட்டுகின்றன? பெரும்பாலும் வெறும் எண்ணாக! 'பதின்மர் மாண்டனர்' என்றொரு வரி. அதனருகே துணிக்கடை அறிவிப்பு.

அவ்வழக்கத்தை ஒருமுறை உடைத்துக் காட்டியது அமெரிக்கக் கிழமை இதழ் 'லைஃப்'. வியத்துநாம் போரில் ஒரே கிழமையில் மாண்டோர் 242 பேர் என்று படைத்துறை அறிவித்தது. அவருட் பெரும்பாலோரின் முகங்களை, 1969 சூன் 27-ஆம் நாளிட்ட இதழ், பக்கம் பக்கமாக அச்சிட்டது. ஒவ்வொரு முகத்தின் கீழும் பெயர், அகவை, ஊர். எண்ணைப் படித்துக் கடந்தவர்கள், மீசை அரும்பாத முகங்களைக் கண்டு கலங்கினர்.

ஆட்சியாளரோ முகத்தை அஞ்சினர்! 1991 வளைகுடாப் போரின்போது, தோவர் வான்படைத் தளத்தில் வந்திறங்கும் கொடிபோர்த்த பிணப்பேழைகளைச் செய்தியாளர் படமெடுக்கத் தடை விதித்தனர். 2004-இல் 'நைட்லைன்' தொலைக்காட்சி நிகழ்ச்சி, ஈராக்குப் போரில் மாண்ட 700-க்கு மேற்பட்டோரின் பெயர்களைப் படித்தது. 'சிங்கிளேர்' நிறுவனம் தன் நிலையங்களில் அதனை ஒளிபரப்ப மறுத்தது. குடும்பத்தார் இசைந்தாற் படமெடுக்கலாம் என்று தடை தளர்ந்தது 2009-இல்தான்.

அவ்விசைவு வேண்டுவதே. துயரம் குடும்பத்தாருடையது, ஆயின் சாவின் கணக்கோ மக்களுடையது. பேழையை மறைப்பது மாண்டவனுக்கு மதிப்பன்று. போரை ஏவியவனுக்குக் காப்பு! எனவே, செய்தித்தாளில் அவ்வெண்ணைக் காணுந்தோறும் கேளுங்கள்: முகம் எங்கே? மறைத்தவர் யார்?