பல் பூச்சியும் பினாங்குப் பள்ளியும்

பிள்ளைக்குப் பல் வலி என்றால் நம் வீடுகளில் இன்றும் 'பல்லில் பூச்சி' என்றுதான் சொல்வார்கள். இது பழைய கதை. பண்டைய பாபிலோனியர்களும் பல்லைப் புழு அரிப்பதாகவே நம்பினார்கள். கண்டங்கத்தரி விதையைப் புகைத்து வாயில் பிடித்தால் புழு உதிரும் என்பது நம் பாட்டிமார் வைத்தியம். பிரான்சு நாட்டு பியேர் ஃபொஷார் 1728-இல் பல் மருத்துவ நூல் எழுதி அந்தப் புழுக் கதையை மறுத்தார். வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையையும் மாவுப் பொருளையும் அமிலமாக்கி பல்லைக் கரைக்கின்றன என்று மில்லர் என்ற அமெரிக்கர் விளக்கியது 1890-இல்.

காரணம் தெரியாவிட்டாலும் கை வைத்தியம் நிற்கவில்லை. இன்றைய பாகிஸ்தானில் உள்ள மெஹர்கர் என்னுமிடத்தில், ஏழாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே கடைவாய்ப் பற்களைக் கல் முனையால் துளைத்திருக்கிறார்கள். மயக்க மருந்து கிடையாது என்பதை நினைத்துப் பாருங்கள்! ஈதர் கொடுத்துப் பல் பிடுங்கும் வசதி 1846-இல்தான் வந்தது.

இனி பினாங்குக்கு வருவோம். முதல் உலகப் போருக்கு ஆள் சேர்த்தபோது, இளைஞர்களின் பற்கள் படுமோசமாக இருந்ததைக் கண்டு நியூசிலாந்து திடுக்கிட்டது. 1921-இல் வெலிங்டனில் பெண்களுக்குப் பயிற்சியளித்து, பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பராமரிக்க அனுப்பியது. அதே முறையில் 1949-இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பல் மருத்துவர்கள் மிகக் குறைவாக இருந்த மலாயாவுக்கு இது பெரிய வரம். சொத்தையை அடைப்பது, பால்பல்லைப் பிடுங்குவது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கான வேலைகளை அந்தப் பெண்கள் கற்றார்கள். வெள்ளை உடைத் தாதியைக் கண்டு நடுங்காத பிள்ளை உண்டா? ஆனாலும் வலி வந்த பிறகு ஓடுவது போய், வலி வருமுன் பார்ப்பது என்ற பழக்கம் இந்நாட்டில் பள்ளிக்கூடம் வழியாகத்தான் பரவியது.

பள்ளிக்குப் போகும் முன்னரே சொத்தை வருவதுதான் இன்றைய கவலை. "விழப்போகிற பல்தானே" என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். பால் கடைவாய்ப்பல் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருந்து, அடுத்து வரும் பல்லுக்கு இடம் காக்க வேண்டியது. இன்னொன்று: ஆறு வயதில் பின்வரிசையில் முளைப்பது நிலைப்பல். எந்தப் பல்லும் விழாமல் அது முளைப்பதால் அதையும் பால்பல் என்றே பலர் எண்ணிவிடுகிறார்கள். அது போனால் மீண்டும் முளைக்காது.