எடுக்காத அழைப்பு



வைத்தியர்களை மேடையேற்றினால் நீரிழிவு பற்றித்தான் பேசுவார்கள் என்று எண்ணி வந்திருப்பீர்கள். நாங்கள் வட்ஸ்அப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

2016 முதல் வட்ஸ்அப் செய்தி அனுப்புபவரின் தொலைபேசியில் பூட்டப்பட்டு, பெறுபவரின் தொலைபேசியில்தான் திறக்கிறது. நல்ல பூட்டுத்தான். ஆனால் தொலைபேசிக்குள்ளேயே ஒருவர் புகுந்துவிட்டால் பூட்டினால் என்ன பயன்? 2019இல் அதுதான் நடந்தது. அழைப்போடு வரும் தரவுகளுக்கு மென்பொருள் ஓர் அளவான இடத்தை ஒதுக்கியிருக்கும். வருவது அதற்குள் அடங்குமா என்று சரிவரப் பார்க்காத பிழை ஒன்று அதில் இருந்தது. வேண்டுமென்றே அளவுக்கு மிஞ்சி அனுப்பியபோது அது பக்கத்து நினைவகத்துக்குள் வழிந்தது. தொலைபேசி அந்நியரின் கட்டளைக்குப் பணிந்தது. அழைப்பை எடுக்கவே தேவையில்லை, மணி அடித்தாலே போதும். இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனத்தின் பெகாசஸ் உளவு மென்பொருள் இவ்வழியாக ஏறத்தாழ 1400 பேரைக் குறிவைத்தது. ஊடகவியலாளரும் சட்டத்தரணிகளும் மனித உரிமைச் செயற்பாட்டாளரும் அவர்களுள் அடங்குவர். அவ்வாண்டு மே மாதத்தில் ஓட்டை அடைக்கப்பட்டது, இற்றைப்படுத்திய தொலைபேசிகளில் மட்டும். தடுப்பூசி போடுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லும் நாங்களே, தொலைபேசி இற்றைப்படுத்தக் கேட்டால் 'பிறகு' என்று அழுத்துகிறவர்கள்தான்.

எங்களை எந்த உளவாளி தேடப்போகிறான் என்பீர்கள். உண்மை. எங்களிடம் வந்த கள்வனுக்கு மென்பொருள் ஓட்டையே தேவைப்படவில்லை. எங்களோடு படித்து, இன்று எங்களோடு ஒரே வாட்டில் வேலைசெய்யும் தோழிக்கு, தெரிந்த ஒருவரின் இலக்கத்திலிருந்து செய்தி வந்தது: "தவறுதலா உமக்கு ஒரு ஆறு இலக்கக் குறியீடு வந்திருக்கும், அனுப்பிவிடுமப்பா." இரவுக் கடமை முடிந்த களைப்பில் அனுப்பிவிட்டார். அது அவருடைய கணக்கின் திறப்பு. அரைமணி நேரத்தில் அவர் பெயரில் எல்லோரிடமும் கடன் கேட்கப்பட்டது. எங்களுள் இருவர் பணம் போட்டோம். ஓய்வுபெற்ற எங்கள் ரீச்சரும் போட்டார்.

பணம் போனது பெரிதல்ல. அன்று பிற்பகல் வரை அந்தக் கள்வன் எங்கள் வாட் குழுவிலும் இருந்தான். பழைய செய்திகள் அவனுக்குப் போயிருக்காது. ஆனால் அந்த இடைவெளியில் நாங்கள் ஓர் இளம்பெண்ணின் காயப் படத்தை, பெயரோடும் கட்டில் இலக்கத்தோடும், ஆலோசனைக்காக அனுப்பியிருந்தோம். நன்மைக்குத்தான், சத்திரசிகிச்சை நிபுணரின் பதில் பத்து நிமிடத்தில் வந்தது. மறுநாள் அந்தப் பிள்ளையின் தாயிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் ஏசவில்லை. "எங்கட ஊர் ஆக்கள் ஆரும் பாத்திருப்பினமோ டொக்டர்?" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

இப்போது எங்கள் குழுவில் பெயர், முகம், கட்டில் இலக்கம் எதுவும் போவதில்லை. படங்கள் தாமாக அழியும்படி வைத்திருக்கிறோம். எல்லோரும் இருபடிச் சரிபார்ப்புக்கான இரகசிய இலக்கத்தைப் போட்டிருக்கிறோம். குறுஞ்செய்திக் குறியீடு கைமாறினாலும் அது இல்லாமல் கணக்குத் திறவாது. அமைப்புகளில் 'கணக்கு' என்ற இடத்தில் அது இருக்கிறது.

தேநீர் வேளையில் நாங்கள் மண்டபத்தின் பின்வாசல் மேசையில் இருப்போம். தொலைபேசியைக் கொண்டு வாருங்கள், போட்டுத் தருகிறோம். ரீச்சர், நீங்கள் முதலில் வரவேண்டும்.