வெள்ளியை அறியும் வகை

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஊர்களில், "இது கடலில் கிடைத்தது" என்று சொல்லிவிட்டால் எந்தப் பொருளுக்கும் ஒரு தனிமதிப்பு வந்துவிடுகிறது. அதற்குக் காரணமும் இல்லாமலில்லை. 1956 ஆம் ஆண்டில் மைக் வில்சன் என்பவர் சுவாமிமலையின் அடியில் நீரில் மூழ்கி, பழைய கோணேசர் ஆலயத்தின் செதுக்கிய கற்களைக் கண்டார். 1961 மார்ச்சில் அவரே, தென்கரைக்கு அப்பாலுள்ள பெரிய பாஸஸ் பாறைத்தொடரில், ஒளரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்களைக் கண்டெடுத்தார். சூரத்து அக்கசாலையில் அடிக்கப்பெற்ற அந்நாணயங்களில் ஹிஜ்ரி 1113 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தது. கிறித்து ஆண்டில் ஏறத்தாழ 1702. அவர் நண்பர் ஆர்தர் சி. கிளார்க் இச்செய்தியைப் பின்னர் நூலாகவே எழுதினார்.

இத்தகைய மெய்க்கதைகளின் நிழலிலேதான் பொய்வெள்ளி விலைபோகிறது. மகளின் திருமணத்துக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கட்டிவெள்ளியாக்க விரும்பும் புதியவர், கறுத்த ஒரு பாளத்தைப் பார்த்தவுடன் பழமை என்று மயங்குகிறார். கந்தகம் கலந்த மருந்தைப் பூசினால் நேற்று வார்த்த வெள்ளியும் ஒரு நாழிகைக்குள் கறுத்துவிடும் என்பதை அவர் அறியார். அன்றியும், பழங்கலத்துப் பொருள் மெய்யாகவே நம் கடலில் எடுத்ததாயின், 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச்சட்டப்படி அது அரசின் உடைமை. விற்பவர்க்கு அதில் உரிமை ஏது?

காந்தத்தை முதலில் வைத்துப் பார்க்கலாம். வெள்ளியைக் காந்தம் இழாது. 1947 ஆம் ஆண்டின் இந்திய ரூபாய் நிக்கலாலானது. அது உடனே ஒட்டிக்கொள்ளும். ஆயினும் 1940 முதல் அடித்த ரூபாயில் பாதியே வெள்ளி. எஞ்சியது செம்பும் நிக்கலும் நாகமும். அதைக் காந்தம் காட்டிக்கொடாது. பனிக்கட்டியை வைத்து அது உருகும் வேகத்தைப் பார்ப்பாரும் உளர். வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு வெள்ளிக்குப் பெரிதும் பின்தங்கியதன்று. ஆகவே அச்சோதனை வேடிக்கைக்கே உதவும்.

நம்பத்தக்கது ஆக்கிமிடிசு காட்டிய வழி. வெள்ளியின் தன்னீர்ப்பு 10.49. தராசின்மேல் நீர்ப்பாத்திரத்தை வைத்து அதன் நிறையைக் குறித்துக்கொள்ளவேண்டும். பின்பு 100 கிராம் பாளத்தை நூலிற் கட்டி, அடியைத் தொடாதபடி நீருள் அமிழ்த்தவேண்டும். தூய வெள்ளியானால் தராசு 9.5 கிராம் கூடுதலாகக் காட்டும், செம்பானால் 11.2, ஈயமானால் 8.8. துறைமுகத்து உப்புநீரை மொண்டு இதைச் செய்தல் ஆகாது. கடல்நீர் கனமானது, ஆதலால் நல்ல வெள்ளியும் 9.8 கிராம் காட்டிக் கலப்புவெள்ளிபோல் தோன்றும். கிணற்று நீரே போதும்.

ஈயத்தையும் செம்பையும் அளவறிந்து சேர்த்து இந்தத் தராசையும் ஏமாற்றுவோர் உண்டு. மேலே வெள்ளிமுலாம் இருப்பின் உரைகல்லும் அமிலமும் அந்தத் தோலை மட்டுமே சோதிக்கும். இக்காலத்து எக்ஸ்கதிர்க் கருவியும் மேற்பரப்பைத்தான் பார்க்கிறது. ஆகவே விளிம்பில் அரத்தால் ஆழமாக ஒரு வெட்டு வெட்டி, அந்த வெட்டுவாயிலே பொற்கொல்லரைக் கொண்டு அமிலம் இடுவித்துப் பார்க்கவேண்டும். விற்பவர் அரத்தைத் தடுப்பாராயின், பணம் மடியிலேயே இருக்கட்டும்.