கையெழுத்துப் போடாதீர்கள்!



அம்பத்தூரிலும் ஒரகடத்திலும் வேலை பார்ப்பவர்களுக்கு நான் சொல்லித்தான் இது தெரிய வேண்டும் என்பதில்லை. ஸ்டோரில் செப்புக் கம்பிச் சுருள் ஒன்று குறைகிறது. ஷிப்ட் முடித்து வருகிறவரை செக்யூரிட்டி மடக்கி ஹெச்.ஆர். அறைக்குக் கூட்டிப்போகிறார். போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். மேஜையில் ராஜினாமா கடிதம் டைப் செய்து தயாராகக் கிடக்கிறது. "கையெழுத்துப் போட்டால் பி.எஃப். பணத்தோடு மரியாதையாகப் போகலாம், இல்லையென்றால் போலீஸ்!"

நான் கேட்கிறேன்: திருடியது உண்மையென்றால் நேரே போலீசுக்குப் போயிருக்க வேண்டியதுதானே? ராஜினாமா எதற்கு? கையில் ஆதாரம் இல்லை, அதனால்தான்! பி.எஃப். என்பது நம் பணம். அதைக் காட்டி நம்மையே மிரட்டுகிறார்கள்.

அந்தக் கையெழுத்து விழுந்துவிட்டால் டிஸ்மிஸ் என்ற பேச்சே இல்லை. நீங்களாகவே விலகினீர்கள் என்று ஆகிவிடும். மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கிற பாரமும் உங்கள் தலையில் ஏறும். போடாமல் எழுந்து வந்தால் பாரம் அவர்கள் தலையில். சார்ஜ் மெமோ தர வேண்டும். உள்விசாரணை வைத்து, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய உங்களை விட வேண்டும். சஸ்பெண்ட் செய்தால் முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அடுத்து முக்கால் சம்பளம். அந்த விசாரணையே நாடகம் என்கிறீர்களா? பல இடங்களில் நாடகம்தான். அதனால்தான் 1971இல் தொழிற்தகராறு சட்டத்தில் 11ஏ பிரிவைச் சேர்த்தார்கள்: சாட்சியத்தை நீதிமன்றமே எடைபோட்டு டிஸ்மிஸை ரத்து செய்யலாம். புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அந்த அதிகாரம் நீடிக்கிறது.

மகாராஷ்டிரத்தில் வேலை பறிக்கப்பட்ட ஓர் ஆசிரியை உச்ச நீதிமன்றம் வரை போராடினார். முறைகேடாக நீக்கப்பட்டவருக்கு வேலையும் பின்சம்பளமும் தருவதே பொதுவிதி என்று 2013இல் தீர்ப்பு வந்தது. வேறு சம்பாத்தியம் இல்லை என்று தொழிலாளி சொன்னால் போதும். இருந்தது என்று காட்டுவது முதலாளியின் பொறுப்பு. வழக்கு வருடக்கணக்கில் இழுத்ததற்கு நம் சம்பளத்தை வெட்டக் கூடாது என்பதும் அதில் உண்டு.

இப்படிப் போராடிப் பெற்றதைத்தான் அரிக்கிறார்கள்! வேலைநீக்கத்தை எதிர்த்து நேரடியாக வழக்குப் போட முன்பு மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அதை இரண்டாகக் குறைத்துவிட்டது. சஸ்பெண்ட், உள்விசாரணை விதிகளை வகுக்கும் நிலையாணைகள் கட்டாயமாகும் வரம்பை 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக்கியிருக்கிறது. அந்த வரம்புக்குக் கீழே உள்ள சின்னப் பட்டறைத் தொழிலாளி மீது பழி விழாதா? எளிதாக விழும்!

ஆகவே காலம் கடத்தாதீர்கள். சமரச அலுவலரிடம் உடனே மனு கொடுங்கள். 45 நாளில் முடியாவிட்டால் நேரே வழக்குப் போடலாம்.

சம்பளம் திரும்பி வரும், போன பெயர்? அடுத்த கம்பெனி பழைய ஹெச்.ஆருக்குப் போன் போடுகிறது. அவர் சொல்லும் ஒரு வார்த்தையில் அந்த வேலையும் போகிறது. ஊரில் பெண்ணுக்குப் பேசிய சம்பந்தம் நின்றுபோகிறது. இதற்குத் தொழிலாளர் சட்டத்தில் கணக்கு இல்லை. நாம் கணக்குக் கேட்போம். பழி பொய் என்று தீர்ப்பு வந்த அன்றே, இவர் குற்றமற்றவர் என்று நிர்வாகம் கையெழுத்திட்டு, சஸ்பென்ஷன் ஆர்டர் ஒட்டிய அதே நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். அடுத்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் நம் முதல் கோரிக்கை இதுதான்!